இறைவார்த்தையை இசையோடு ஓதும் மரபு

நம்பிக்கை செவி வழியாக வருகிறது என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் போதிக்கிறார். ஆகவேதான் திருச்சபை தொடக்கமுதல் மக்களைக் கூட்டி, அவர்கள் நடுவே ஒருவரை எழுந்து நிற்கச் செய்து, திருநூலை உரத்த குரலில் வாசிக்கச் செய்தது. அவ்வாசிப்பு நெடுங்காலம் இசையோடு கூடிய ஓதுதலாகவே விளங்கியது. நம் பங்கு யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், கோவில் கட்டியோரையும் மணி தந்தோரையும் நன்றியோடு நினைக்கிறோம். அக்கோவிலுக்குள் இறைவார்த்தையை ஒலிக்கச் செய்த கலையையும் நினைவுகூர்வது தகும். ஏனெனில் அக்கலை நம் கண்முன்னே மறைந்து வருகிறது.

தொடக்கம்

எருசலேமில் மக்கள் முன்னிலையில் மரமேடை மீது நின்று எஸ்ரா திருச்சட்டத்தை வாசித்ததை நெகேமியா நூலின் 8-ஆம் அதிகாரம் விவரிக்கிறது. நாசரேத்துச் செபக்கூடத்தில் நம் ஆண்டவரும் வாசிப்பதற்கென்று எழுந்து நின்றார். யூத மக்கள் திருநூலை இன்றும் பண்ணோடுதான் ஓதுகின்றனர். திபேரியாவைச் சேர்ந்த மசோரேத்து அறிஞர்கள், ஏறத்தாழ கி.பி. 10-ஆம் நூற்றாண்டுக்குள், எபிரேயச் சொற்களின் மேலும் கீழும் சிறு குறிகளை இட்டு வைத்தனர். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை எதனோடு சேர்க்க வேண்டும், குரல் எவ்வாறு ஏறி இறங்க வேண்டும் என்ற மூன்றையும் அதே குறிகள் உணர்த்தின. பொருளும் இசையும் அங்கே ஒன்றாகவே நடந்தன.

இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் புனித யுஸ்தீனு, ஞாயிறுதோறும் திருத்தூதரின் நினைவுக் குறிப்புகளும் இறைவாக்கினர் நூல்களும் நேரம் இடம் கொடுக்கும் வரை வாசிக்கப்பட்டன என்று எழுதி வைத்தார். அலெக்சாந்திரியாவின் ஆயர் புனித அத்தனாசியார், திருப்பாடலை ஓதுபவரின் குரல் பாட்டைவிடப் பேச்சுக்கே நெருக்கமாக இருக்கும்படி செய்தார் எனப் புனித அகுஸ்தீனார் தம் அறிக்கை நூலில் குறிப்பிடுகிறார். இனிய இசையில் மயங்கிப் பொருளைத் தவற விடுவோமோ என்ற அச்சம் அகுஸ்தீனாருக்கு இருந்தது. இசை உள்ளத்தை எழுப்புகிறது என்பதையும் அவர் மறுக்கவில்லை. ஓதும் கலையின் முழு இலக்கணமும் இதில் அடங்கிவிட்டது எனலாம். வார்த்தை எசமான், இசை ஊழியன்.

இலத்தீன் மரபு

உரோமை வழிபாட்டில் இக்கலை மிக எளிய உருவம் பெற்றது. வாசகர் ஒரே சுரத்தில் சொற்களைச் சொல்லிக்கொண்டு போவார். வாக்கியத்தின் நடுவில் நிற்குமிடத்தில் குரல் சிறிது அசையும். முற்றுப்புள்ளியில் இன்னொரு விதமாக இறங்கும். கேள்வி வந்தால் தாழ்ந்து பின் மேலே ஏறும். இந்த மூன்று நான்கு அசைவுகளைக் கற்றவர் எந்த வாசகத்தையும் ஓதலாம். ஒவ்வொரு வாசகத்துக்கும் தனி மெட்டு தேவையில்லை.

புனித வாரத்தில் ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றை மூவர் பகிர்ந்து ஓதினர். வரலாறு கூறுபவர் நடுக்குரலிலும், கிறிஸ்துவின் சொற்களை ஓதுபவர் தாழ்ந்த குரலிலும், ஏனையோரின் சொற்களை ஓதுபவர் உயர்ந்த குரலிலும் பாடினர். எழுத்தறியாத ஏழையும், இப்போது பேசுகிறவர் ஆண்டவர் என்பதைக் குரலின் தாழ்வைக் கொண்டே அறிந்தான். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பெரிய கோவிலின் கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேர்ந்ததற்கு, ஒரே சுரத்தில் நிலைத்து நின்ற குரலே காரணம்.

தமிழரின் அனுபவம்

தமிழருக்கு இது புதிதன்று. சைவத் திருக்கோவில்களில் ஓதுவார் தேவாரம் ஓதுகின்றனர். தென் மாவட்டங்களில் வில்லுப்பாட்டுக் கலைஞர் கதையைப் பாட்டாலும் பேச்சாலும் சொல்லிச் செல்கின்றனர். கத்தோலிக்கரிடையே இதற்கு மிக நெருங்கிய சான்று இலங்கையில் உண்டு. கோவாவில் பிறந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் 1705-இல் அத்தீவுக்கு வந்தார். டச்சுக்காரர் கடற்கரைப் பகுதியை ஆண்டு, கத்தோலிக்க குருக்களைத் தடை செய்திருந்த காலம் அது. அவர் 1742-இல் இறக்கும் வரை தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்கள் எழுதினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் கோவிலில் மக்கள் கூடி இராகத்தோடு படிக்கும் நூலாயிற்று. அது திருநூல் வாசகம் அன்று. ஆண்டவருடைய பாடுகளைப் பற்றிய தியானம். ஆயினும் குருவானவர் அரிதாகவே வந்துபோன ஊர்களில் பொதுநிலையினர் இத்தகைய படிப்பைக் காதால் கேட்டுப் பழகி, பிள்ளைகளுக்கும் பழக்கினர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஓதும் குரல் விசுவாசத்தைக் காத்தது.

சங்கமும் தாய்மொழியும்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டை வெளியிட்டது. 1965 மார்ச் முதல் வாசகங்கள் மக்களின் மொழியில் பீடத்திலிருந்தே ஒலிக்கலாயின. இது பெரும் வரப்பிரசாதம். ஆனால் இலத்தீன் போனபோது ஓதும் பழக்கமும் அதனோடு சேர்ந்து போய்விட்டது. திருச்சபை அப்படிக் கேட்கவில்லை. திருவழிபாட்டு இசை பற்றி 1967-இல் வெளிவந்த அறிவுரை, பாடத்தக்கவற்றின் வரிசையில் வாசகங்களையும் சேர்த்தது. பாடாமல் அறிவிப்பதே பொருத்தமெனில் அவ்வாறே செய்யலாம் என்றது. வாசக நூலின் 1981-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரை, அந்தந்த மொழிக்கு ஏற்ற முறையில் வாசகங்களைப் பாடலாம் என்றும், பாடுவது சொற்களை மறைக்காமல் துலக்க வேண்டும் என்றும் கற்பிக்கிறது. அத்தனாசியார் செய்ததையே திருச்சபை மீண்டும் சொல்கிறது.

வாசிக்கும் பணியும் விரிந்தது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வாசகர் பணியைக் குருமாணவருக்கு மட்டும் உரியதாக வைக்காமல் பொதுநிலை ஆண்களுக்கும் திறந்தார். 2021 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களையும் அப்பணியில் நியமிக்க வழி செய்தார்.

குந்தா மலையில்

உதகை மறைமாவட்டம் 1955 சூலை 3 அன்று மைசூர் மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நிறுவப்பட்டது. அந்தோணி படியறா ஆண்டகை முதல் ஆயரானார். அடுத்த ஆண்டு கனடா நாட்டின் உதவியோடு குந்தா நீர்மின் திட்ட வேலை தொடங்கியது. 1960-இல் முதல் மின்நிலையங்கள் இயங்கலாயின. அணை கட்டவும் சுரங்கம் வெட்டவும் பல மாவட்டத்தார் மலையேறினர். தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளில் ஏற்கெனவே பல ஊர்த் தமிழ் கலந்திருந்தது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்களும் நீலகிரிக்கு வந்து சேர்ந்தனர். படுக மொழியும் மலையாளமும் கன்னடமும் அக்கம்பக்கத்தில் ஒலிக்கின்றன. இப்படிப் பல வாய்மொழி கூடிய சபையில், நிதானமாக ஒரே சுரத்தில் ஓதப்படும் வாசகம் எல்லார் செவிக்கும் பொதுவாகிறது.

நம் மலையின் மழையையும் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. தென்மேற்குப் பருவத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால், மின்சாரம் பிறக்கும் குந்தாவிலேயே விளக்கும் ஒலிபெருக்கியும் நின்றுபோகும்; தகரக் கூரையில் மழை அறையும். அப்போது பேச்சுக் குரல் முதல் வரிசையைத் தாண்டாது. ஓதும் குரல் தாண்டும்.

தமிழில் ஓதக் கற்பது

இலத்தீன் முறையை அப்படியே தமிழில் ஒட்ட முடியாது. முதலாவது, நம் மொழியில் குறிலும் நெடிலும் உயிர்நாடி. சுரத்துக்காகக் குறிலை நீட்டினால் ‘விடு’ என்பது ‘வீடு’ ஆகும். ‘கொடு’ ‘கோடு’ ஆகும். ஆகவே குரல் இறங்கும் இடத்தை நெடில் எழுத்திலோ சொல்லின் இறுதியிலோ வைத்தல் நலம்.

இரண்டாவது, தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். ‘அவர் எழுந்து, ஊரைவிட்டுப் புறப்பட்டு, மலைமேல் ஏறி, அங்கே தங்கினார்’ என்பதை எடுத்துக்கொள்வோம். எழுந்து, புறப்பட்டு, ஏறி என்னும் எச்சங்களில் குரல் சற்றே அசைந்து தொங்கி நிற்க வேண்டும். ‘தங்கினார்’ என்பதில்தான் இறங்கி அமர வேண்டும். எச்சத்திலேயே குரலை முடித்துவிட்டால் கேட்பவர் வாக்கியம் முடிந்ததென எண்ணுவர்.

மூன்றாவது, இலத்தீனில் ‘இயேசு சொன்னார்’ என்பது பெரும்பாலும் முன்னே வரும். தமிழிலோ ‘என்றார்’ என்பது பேச்சுக்குப் பின்னே வரும். பாடுகளின் வரலாற்றை மூவர் ஓதும்போது, ஆண்டவரின் சொல் முடிந்ததும் வரலாறு கூறுபவர் அந்த ஒரு சொல்லுக்காக ஆயத்தமாக இருக்க வேண்டும். அவசரப்பட்டால் ஆண்டவரின் சொல்லை மிதித்துவிடுவார். தாமதித்தால் கதை அறுந்துபோகும். கேள்வி வாக்கியத்தில் மட்டும் நமக்கு ஓர் வசதி உண்டு: ‘அவரா?’, ‘வந்தாயோ?’ என ஈற்றில் நெடில் இருப்பதால், மேலே ஏறும் குரலுக்கு அதுவே படியாகிறது.

பயிற்சியின் வரிசை எளிது. முதலில் வாசகத்தை மூன்று முறை பேச்சாகப் படித்துப் பொருளை உணர வேண்டும். பிறகு எச்சங்களின் கீழ் ஒரு கோடும், வினைமுற்றின் கீழ் இரு கோடும் பென்சிலால் இட வேண்டும். பின்பு ஒரே சுரத்தில், அசைவு எதுவுமின்றி முழுவதும் சொல்லிப் பார்க்க வேண்டும். இறுதியில்தான் நடு நிறுத்தமும் முற்று நிறுத்தமும் சேர வேண்டும். சங்கீத ஞானம் மிகுதியாக வேண்டியதில்லை. நல்ல காதும் பொறுமையும் போதும்.

நம் கையில் உள்ளது

அன்புள்ள பங்கு மக்களே, பிள்ளைகளில் பலர் இன்று ஆங்கில வழிப் பள்ளியில் கற்கின்றனர். அவர்கள் தமிழ் வாசகத்தை எழுத்துக்கூட்டி, நிறுத்தமறியாமல் விரைந்து முடிப்பதை ஞாயிறுதோறும் கேட்கிறோம். அவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. கற்றுக்கொடுப்பது நம் பொறுப்பு. ஓதக் கற்கும் பிள்ளை தமிழைப் பிழையின்றிப் படிக்கவும் கற்கிறது. வாக்கியத்தின் பொருளோடு நடக்கப் பழகுகிறது.

எல்லா ஞாயிறும் எல்லா வாசகமும் ஓதப்பட வேண்டுமென நாம் கேட்கவில்லை. பதிலுரைப் பாடலின் அடிகளில் தொடங்குவோம். பெருவிழாக்களில் ஒரு வாசகத்தை ஓதுவோம். பெரிய வெள்ளியன்று யோவான் எழுதிய பாடுகளின் வரலாற்றை மூன்று குரலில் ஓதவும், பாஸ்கா இரவில் புகழுரை பாடவும், ஒவ்வோர் அன்பியமும் இருவரை, ஆணும் பெண்ணுமாக, அனுப்பட்டும். தவக்காலத்தின் ஆறு வாரப் பயிற்சி போதும். முன் தலைமுறை இலத்தீனைக் காதால் கேட்டுக் கற்றது. நம் தாய்மொழியிலேயே வார்த்தையைப் பெற்றிருக்கும் நாம் அதைவிடக் குறைவாகக் கற்பது முறையாகுமோ?

கட்டிய சுவரை மழையும் மூடுபனியும் அரிக்கும். அதைப் புதுப்பிக்கக் கொத்தனார் கிடைப்பார். ஓதும் குரலை ஒருவர் மற்றொருவருக்கு வாய்வழியே கொடுத்தாலன்றி வேறு வழியில்லை. இந்த யூபிலி ஆண்டில் அதைக் கொடுக்கவும் பெறவும் இறைவன் நமக்கு அருள்புரிவாராக.