உலைக்களத்தில் மறைந்த பெயர்

தொண்டைமானின் படைக்கருவிகள் மாலை சூடி, நெய் பூசப்பெற்று அரண்மனையில் பொலிய, அதியமானுடையவையோ முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாக ஒளவையார் புறநானூற்றின் 95ஆம் பாடலில் காட்டுகிறார். வீரத்தின் சான்று உலைக்களத்திலேயே உள்ளது.

அவ்வுலையின் தொன்மையை நொய்யற்கரைக் கொடுமணல் உணர்த்தும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிய அகழாய்வில் அங்கு இரும்பும் உருக்கும் ஆக்கிய உலைகள் வெளிப்பட்டன. இரும்பை மண்மூசையில் கரிப்பொருளோடு இட்டு மூடிக் காய்ச்சிய தென்னாட்டு உருக்கை மேலைநாட்டார் 'ஊட்ஸ்' என்றனர். 1819இல் மைக்கேல் பாரடே இலண்டனில் அதனை ஆய்ந்தார். பொருள் புகழ்பெற்றது, ஆக்கியவன் பெயர் நிலைக்கவில்லை.

சப்பானில் 1876இல் வாள் அணிதல் தடைசெய்யப்பட்டது. வாட்கொல்லர் பலர் சமையற்கத்தி செய்யத் தலைப்பட்டனர். கையால் அடித்த கத்தியின் அலகில் கொல்லன் பெயரைப் பொறிக்கும் மரபு அங்கு இன்றும் உண்டு.

ராசிங்காபுரத்து வயலிலும் போடி ஏலமலைச் சரிவிலும் அரிவாளின்றி வேலை இல்லை. பழைய லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி அடித்து அதனை ஆக்குவோர் தமிழகத்தில் இன்றும் உளர். திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு ஊர்ப்பெயர் நின்றது. கொல்லன் பெயர் நிற்கவில்லை. பதிகத்தின் இறுதிப் பாட்டில் தம் பெயரைப் பொறித்தனர் அருளாளர். அலகை அடித்தவனுக்கும் அவ்வுரிமை உண்டன்றோ?