பினாங்கிலே சைக்கிளுக்கு வழியுண்டா?

பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஒழுங்கான படகுப் போக்குவரத்து ஏற்பட்டது 1894-ஆம் ஆண்டில். வெல்லெஸ்லி மாகாணத்துத் தோட்டங்களிலிருந்து பட்டணம் வரும் ஏழையின் சைக்கிளும் அப்படகையே நம்பியிருந்தது. 1985-இல் பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளத்தில் பாலம் திறந்தார்கள். தேசத்துக்கே பெருமை என்றார்கள்; பெருமைதான், யார் மறுத்தார்? ஆனால் அதன்மேல் சைக்கிள் ஏறலாகாது. 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர்ப் பாலத்திலும் அதே விதி!

வேடிக்கையைக் கேளுங்கள். 2021 முதல் படகில் மோட்டார் கார் ஏற்றப்படுவதில்லை. கால்நடையாய் வருவோரும், மோட்டார் சைக்கிளும், சைக்கிளுமே ஏறலாம். 2023-இல் வந்த புதிய படகுகள் நான்கும் அவ்விதமே. பாலத்தில் நமக்கு இடமில்லை. கார்காரர் கைவிட்ட படகு நமக்கு மிஞ்சியது.

கரையிறங்கினால் என்ன கதி? பீச் ஸ்டிரீட், சூலியா தெரு முதலியவை 1786-இல் வந்திறங்கிய பிரான்சிஸ் லைட் காலத்துத் தெருக்கள், மாட்டுவண்டிக்குப் போதுமானவை. 1906 முதல் 1936 வரை மின்சார டிராம் ஓடிற்று. டிராலி பஸ் 1961-இல் நின்றது. அதன்பின் தெரு காருக்கே சொந்தமாயிற்று. 1941 டிசம்பரில் ஜப்பானியத் துருப்புகள் சைக்கிளேறி மலாயாச் சாலைகளில் உருண்டு வந்ததை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நல்ல சாலை கிடைத்தால் சைக்கிள் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுவதில்லை.

ஹாலந்து சைக்கிள் நாடு என்கிறோம். அது தானாய் விளைந்ததன்று. 1971-இல் மட்டும் அங்கே சாலை விபத்தில் மாண்டோர் 3,000-க்கு மேல். அவருள் குழந்தைகள் 400-க்கு மேல். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று தாய்தந்தையர் தெருவில் உட்கார்ந்தார்கள். கெஞ்சிப் பெற்றதல்ல அப்பாதை, கிளர்ச்சி செய்து பெற்றது. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியதையும் இங்கே நினைக்கவேண்டும். ஏறிய பெண்ணுக்குச் சாலை வேண்டாமா?

ஜார்ஜ் டவுனில் முயற்சியே இல்லையென்று நாம் கூறவில்லை. 2011 டிசம்பர் முதல் ஞாயிறு காலைகளில் பீச் ஸ்டிரீட்டில் காரை நிறுத்திப் பார்த்தார்கள். 2016-இல் வாடகைச் சைக்கிள் திட்டமும் வந்தது. பாதை என்று சாலையில் கோடும் கிழித்தார்கள். அக்கோட்டின்மேல் கார் நிற்பதை எவரும் காணலாம். சுற்றுலாக்காரர் உலாவுவதற்கன்று, வேலைக்காரன் வேலைக்குப் போவதற்கே வழி வேண்டும். படகுத்துறையிலிருந்து சந்தைக்கும், ஆஸ்பத்திரிக்கும், பள்ளிக்கூடத்துக்கும், காரேற முடியாதபடி தடுப்புக்கல் பதித்த பாதை வேண்டும். நகராண்மைக் கழகத்துக்கு நாம் அனுப்பும் விண்ணப்பத்தில் முதலாவதாக எழுதவேண்டியது அந்தத் தடுப்புக்கல்லே.