கைக் குயில்ட் தையல்

கைக் குயில்ட் தையல் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றையும் தையல் இயந்திரமின்றி ஊசி நூலால் இணைத்துப் போர்வை முதலியவற்றை உருவாக்கும் கலை ஆகும். இத்தையல் அழகுக்காக மட்டும் இடப்படுவதன்று. துவைக்கும்போது பஞ்சு இடம்பெயர்ந்து திரளாமல் காப்பதும் இதுவே. ஒரு பெரிய போர்வைக்குப் பல்லாயிரம் தையல்கள் தேவைப்படுவதால், கைக்குப் பொருந்தாத கருவிகள் விரல்களிலும் மணிக்கட்டிலும் வலியை ஏற்படுத்தக்கூடும்.

வரலாறு

14ஆம் நூற்றாண்டில் சிசிலியில் தைக்கப்பட்ட டிரிஸ்டன் குயில்ட், எஞ்சியுள்ள மிகப் பழைய குயில்ட்டுகளுள் ஒன்றாகும். அதன் பகுதிகள் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் புளோரன்சு பார்கெல்லோ அருங்காட்சியகத்திலும் உள்ளன. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்னும் ஊரின் கறுப்பினப் பெண்கள் பழைய உடைகளைக் கொண்டும் தைத்த குயில்ட்டுகள், 2002இல் ஊசுட்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிப்படுத்தப்பட்டுப் பெரும் கவனம் பெற்றன.

கருவிகள்

ஊசி: இதற்கெனக் குட்டையான ஊசிகள் உள்ளன. எண் கூடக்கூட ஊசி குட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கும். தொடக்கநிலையினர் 8 அல்லது 9 எண் ஊசியையும், பழகியோர் 10 முதல் 12 வரையிலான ஊசிகளையும் பயன்படுத்துவர்.

விரற்கவசம் (அங்குஸ்தான்): தைக்கும் கையின் நடுவிரலில் அணியப்படுவது. கையை உதறினால் கழன்று விழாமலும், விரலை இறுக்காமலும் இருப்பதே சரியான அளவு. உலோகக் கவசத்தின் குழிகள் ஊசி வழுக்காமல் தாங்குகின்றன. உலோகம் ஒவ்வாதோர் தோலால் ஆன கவசத்தை அணியலாம்.

வளையம்: துணியை விரித்துப் பிடிக்க உதவுவது. பூத்தையலுக்குப் போல் முரசாக இறுக்காமல், ஊசியைச் சாய்க்க இடம் தருமாறு சற்றுத் தளர்வாக விடவேண்டும்.

நுட்பங்கள்

ஊஞ்சல் அசைவுத் தையல்: ஊசி செங்குத்தாக இறக்கப்படுகிறது. துணிக்கு அடியிலுள்ள கைவிரல் அதன் முனையை உணர்ந்தவுடன், விரற்கவசத்தால் ஊசியின் பின்முனை தாழ்த்தப்படுகிறது. அப்போது ஊசிமுனை மேலெழும். பெருவிரல் முன்னுள்ள துணியை அழுத்திக் கொடுக்கிறது. இவ்வாறு மூன்று நான்கு தையல்களை ஊசியில் ஏற்றியபின் நூல் இழுக்கப்படுகிறது.

குத்துத் தையல்: ஊசியை ஒருமுறை கீழேயும் ஒருமுறை மேலேயுமாக முழுவதும் இழுத்துத் தைப்பது. வேகம் குறைவு, ஆயினும் துணிகள் பலமடியாகச் சேரும் தடித்த இடங்களுக்கு ஏற்றது.

பெருந்தையல்: தடித்த நூலும் நீண்ட ஊசியும் கொண்டு வெளிப்படையாகத் தெரியுமாறு இடப்படுவது. தையல்களின் எண்ணிக்கை குறைவதால் வேலை விரைவில் முடியும்.

முடிச்சை மறைத்தல்: நூல் முனையின் சிறு முடிச்சை மெல்லச் சுண்டி மேல்துணிக்குள் இழுத்துப் பஞ்சில் பதிப்பர். இதனால் இருபுறமும் முடிச்சு தெரிவதில்லை.

பயிற்சி

தேர்ந்தோர் அங்குலத்திற்குப் பத்துத் தையல் வரை இடுவர். எனினும் கற்போர் சிறுமையை விடச் சீரான அளவையே முதலில் நாடவேண்டும். நெருக்கமாக நெய்த படுக்கை விரிப்புத் துணி ஊசியை எதிர்க்கும். மென்மையான பருத்தித் துணியும் மெல்லிய பஞ்சு அடுக்கும் பயிற்சிக்கு ஏற்றவை. ஊசியை இழுக்கக் கடினமாயின் சுட்டுவிரலில் ரப்பர் உறை அணிவது பெருவிரலின் பளுவைக் குறைக்கும். நல்ல வெளிச்சமும் இடையிடையே ஓய்வும் தேவை. வலி தோன்றின் தையலை நிறுத்தி, ஊசியின் அளவையும் வளையத்தின் இறுக்கத்தையும் மாற்றிப் பார்த்தல் நன்று.