ஆதிரையின் ஒளிமாற்றம்

மார்கழித் திங்கள் முன்னிரவில் கடலூர்த் தேவனாம்பட்டினக் கடற்கரையில் நிற்பார், கிழக்கே கடலின்மேல் செந்நிற விண்மீன் ஒன்று எழக் காண்பர். அதுவே திருவாதிரை என்பது பெருவழக்கு. மேலைநாட்டார் பெட்டல்ஜியூஸ் என்பர். பரிபாடல் காலத்திலேயே ஆதிரை சிவபெருமானுக்குரியது. திருவாரூர் ஆதிரைத் திருநாளைத் திருநாவுக்கரசர் தனிப்பதிகமாகவே பாடினார். சிதம்பரத்தில் தேரும், மறுநாள் ஆயிரங்கால் மண்டபத்துத் திருமுழுக்கும், ஆருத்ரா தரிசனமும், வீடுதோறும் களியும் இந்த ஒரு மீனின் பெயரால் நிகழ்வன.

ஆயினும் இம்மீனின் ஒளி கூடிக் குறைவதை அறிவியலுலகு அறியக் குறித்தவர் ஜான் ஹெர்ஷல், ஆண்டு 1836. நம்மவர் கண்கள் கூர்மையற்றன என்று இதற்குப் பொருளன்று. பஞ்சாங்கம் கணித்தோர்க்கு வேண்டியது நிலவு ஆதிரைப் பகுதியில் நிற்கும் நாழிகை. மீன் எவ்வளவு ஒளிர்கிறது என்பதற்கு அதில் கட்டமே இல்லை. புலவர்க்கோ அதன் செம்மையே போதியதாயிற்று.

ஒளியை அளக்கும் முறை பின்னர்ச் சென்னையோடு தொடர்பு கொண்டது. ஐந்து படி வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாடு என்னும் அளவுகோலை 1856-இல் முன்மொழிந்த நார்மன் போக்சன், 1861-இல் சென்னை வானாய்வகத் தலைவராக வந்தார். அவருக்கு முதல் உதவியாளராக விளங்கிய சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1867-இல் ரெட்டிகுலம் என்னும் தென்வான் மண்டலத்தில் ‘ஆர்’ எனப் பெயர் பெற்ற மீன் ஒளி மாறுவது எனக் கண்டறிந்தார். அண்டை மீன்களோடு ஒப்பிட்டு இரவுதோறும் எழுதிவைக்கும் பொறுமையே இப்பணிக்கு முதல். நம் பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

ஒளி ஏன் மாறுகிறது? அல்கோல் என்னும் மீனை இருண்ட துணையொன்று இடையிடையே மறைக்கிறது போலும் என 1783-இல் கருதினார் ஜான் குட்ரிக். 1903-இல் போட்ஸ்டாமில் மியுல்லரும் கெம்ப்பும் கண்ட டபிள்யூ உர்சே மேஜோரிஸ் இன்னும் வியப்பானது. அங்கே இரு விண்மீன்கள் ஒன்றையொன்று தொட்டு, புற உறையைப் பொதுவாகப் போர்த்தி, எட்டு மணி நேரத்தில் ஒருமுறை சுழல்கின்றன. எத்தொலைநோக்கியிலும் அவை ஒரே புள்ளிதான். இரண்டென்று முதலில் சொன்னது ஒளியின் ஏற்ற இறக்கமே.

ஆதிரைக்கும் இத்தகைய ஐயம் எழுந்தது. 2019 இறுதியில் அது மங்கத் தொடங்கியது. 2020 ஜனவரி 10-இல் தில்லையில் தரிசனம் நிகழ்ந்தபோதும் மங்கிக்கொண்டே இருந்தது. பிப்ரவரியில் 0.5 என்னும் வழக்கமான படியிலிருந்து 1.6 வரை இறங்கியது. போக்சன் கணக்கில் மூன்றில் ஒரு பங்கினும் சற்று மிகுதியான ஒளியே எஞ்சியது. மீன் தானே உமிழ்ந்த தூசு மறைத்ததே காரணம் எனப் பின்னர் விளக்கினர். இது தனி நிகழ்ச்சி. இதற்கு அப்பால், ஏறத்தாழ 400 நாளில் ஒன்றும், ஆறாண்டளவில் ஒன்றுமாக இரண்டு ஒளித்தாளங்கள் ஆதிரைக்கு உண்டு. முன்னது அதன் உடல் விம்மித் தணிவதால் வருவது. பின்னதற்குத் துணைமீன் ஒன்று காரணமாகலாம் என 2024-இல் கணித்தனர். 2025 ஜூலையில், ஹவாயியிலுள்ள ஜெமினி தொலைநோக்கியின் படங்களில் அத்துணை தென்பட்டதாக அறிவிப்பு வந்தது. பெருமீனின் விரிந்த புறவளிக்குள்ளேயே அது சுற்றிவருகிறதாம். அம்மையை இடப்பாகத்தே வைத்துப் பாடிய மரபினர்க்கு இச்செய்தி எவ்வாறு ஒலிக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அத்துணை மீண்டும் பெருமீனை விட்டு நன்கு விலகித் தோன்றுவது 2027 நவம்பரில் என்பது கணிப்பு. அடுத்த திங்கள் மார்கழி பிறக்கும்.