லோஃபோட்டன் முதல் நீண்டகரை வரை: வடதுருவக் கடல்மீன் ஆய்வின் வரலாறு

கடல்நீர் உப்புக் கலந்தது என்பதால், நன்னீர் உறையும் சுழியம் டிகிரியில் அது உறைவதில்லை. ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிய பிறகே பனிக்கட்டியாக மாறுகிறது. எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றின் இரத்தமோ கடல்நீரைவிட உப்புக் குறைந்தது, ஆதலால் மைனஸ் 0.7 டிகிரிக்கு அருகிலேயே உறையத் தொடங்கிவிடும். இவ்விரு எண்களுக்கும் இடையில் உள்ள ஒரு டிகிரிதான் வடதுருவக் கடல்மீன் ஆய்வின் மையக் கேள்வியை எழுப்பியது: இரத்தம் உறைந்துபோக வேண்டிய நீரில் ஓர் உயிர் நீந்தித் திரிவதும் இரை தேடுவதும் முட்டையிடுவதும் எவ்வாறு இயல்கிறது? இதற்கு விடை காண இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. அந்த வரலாற்றின் கிளை ஒன்று, தென்காசியிலிருந்து ஒரு பகல் பயணத்தில் எட்டிவிடக்கூடிய கேரளக் கடற்கரை வரை நீண்டு வந்திருக்கிறது.

தொடக்கக் காலத்து ஆய்வு, பெயரிடுதலும் விவரித்தலுமாகவே இருந்தது. ரஷ்ய இயற்கையியலாளர் இவான் லெப்யோகின் வெண்கடலிலிருந்து கிடைத்த ஒரு சிறு மீனை 1774இல் விவரித்தார். ஒரு சாண் நீளத்தைச் சற்றே தாண்டும் அந்தத் துருவக் காட் மீன் இன்று போரியோகாடஸ் சைடா என்ற அறிவியல் பெயரால் அறியப்படுகிறது. சீல்கள், வெள்ளைத் திமிங்கிலங்கள், கடற்பறவைகள் ஆகிய மூன்றுக்கும் வடதுருவத்தில் தலையாய இரை இதுவே என்பதும், இதன் குஞ்சுகள் மிதக்கும் பனிப்பாளங்களின் அடிப்புற வெடிப்புகளில் ஒளிந்து வளர்கின்றன என்பதும் மிகப் பிற்காலத்தில்தான் தெரியவந்தன. கிரீன்லாந்தில் சமயப் பணியாற்றிய டேனிஷ் பாதிரியார் ஓட்டோ ஃபப்ரீசியஸ், அங்கு வாழ்ந்த ஆண்டுகளில் இனூயிட் மக்களின் தோற்படகில் தாமே கடலுக்குச் சென்று சீல் வேட்டையாடிப் பழகியவர். 1780இல் அவர் வெளியிட்ட கிரீன்லாந்து விலங்கு நூல், மீன்களுக்கு லத்தீன் பெயரோடு உள்ளூர் மக்கள் வழங்கிய பெயரையும் சேர்த்தே பதிந்தது. கடலோரத்தில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடிப்பவர்களின் அறிவை நூலுக்குள் மதிப்போடு ஏற்ற அந்தப் பண்பு, அதற்குப் பின் வந்த பல அறிஞர்களிடம் இல்லாமல் போனது வருந்தத்தக்கது.

பெயரிடும் கலையிலிருந்து வாழ்க்கை வரலாற்றை அறியும் அறிவியலாக இத்துறை மாறியது நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில். வடதுருவ வட்டத்துக்கு வடக்கே உள்ள இத்தீவுகளுக்கு, ஒவ்வொரு குளிர்காலத்திலும் பாரன்ட்ஸ் கடலிலிருந்து அட்லாண்டிக் காட் மீன்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி வந்து முட்டையிடுகின்றன. அவற்றைப் பிடித்து, தலை நீக்கி, வாலோடு வால் சேர்த்து இரண்டிரண்டாகக் கட்டி, மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் காய வைப்பது அங்கே பல நூற்றாண்டுத் தொழில். தூத்துக்குடிக் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் எப்படியோ, அப்படி லோஃபோட்டன் கருவாட்டுக்குக் குளிர்காற்று. ஈ மொய்க்காத குளிரில் அதற்கு உப்பே தேவைப்படுவதில்லை. ஆனால் சில ஆண்டுகளில் மீன் திரளாக வரும், சில ஆண்டுகளில் வராமலே போகும். வராத ஆண்டில் தீவு மக்கள் பட்டினி கிடந்தார்கள். இதன் காரணத்தைக் கண்டறியுமாறு நார்வே அரசு 1864இல் கேயார்க் ஓசியன் சார்ஸ் என்னும் இளம் விலங்கியலாளரை அனுப்பியது. மீன்முட்டைகள் கடலடியில் ஒட்டிக் கிடக்கும் என்று அனைவரும் நம்பியிருந்த காலத்தில், கடலின் மேற்பரப்பில் மெல்லிய வலையை இழுத்துப் பார்த்த சார்ஸ், ஒன்றரை மில்லிமீட்டரும் இல்லாத, கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் காட் முட்டைகள் நீரோட்டத்தோடு மிதந்து செல்வதைக் கண்டார். முட்டைகள் மிதப்பவை என்றால் அவற்றின் கதியைத் தீர்மானிப்பவை நீரோட்டமும் வெப்பநிலையும் உப்புத்தன்மையும் ஆகின்றன; ஆகவே மீனை அறிய வேண்டுமானால் முதலில் நீரை அளக்க வேண்டும் என்ற முடிவுக்கு அறிவியல் வந்தே தீர வேண்டியிருந்தது.

நீரை அளக்கும் பணியில் ரஷ்யாவும் நார்வேயும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இறங்கின. நிக்கொலாய் கினிபோவிச் தலைமையில் 1898இல் தொடங்கிய மூர்மன் கடற்கரை மீன்வள ஆய்வுப் பயணம், மீன் ஆய்வுக்கென்றே கட்டப்பட்ட கப்பல் ஒன்றைக் கொண்டு, கோலா விரிகுடாவிலிருந்து நேர் வடக்காகச் செல்லும் ஒரு கோட்டில் குறித்த இடங்களில் வெப்பநிலையை அளந்தது. 1900இல் தொடங்கிய அந்தக் கோலாக் கோட்டு அளவீடு இடையிடையே தடைபட்டாலும் இன்றுவரை தொடர்கிறது; உலகின் மிக நீண்ட கடல் அளவீட்டு வரிசைகளுள் அது ஒன்று. நார்வேயில் ஃபிரித்யோஃப் நான்சென், ஃபிராம் என்ற கப்பலைப் பனிக்குள் உறையவிட்டு 1893 முதல் துருவக் கடலில் மிதந்து சென்ற துணிச்சலுக்காகவே பெரும்பாலும் நினைக்கப்படுகிறார். ஆயினும் மீன் அறிவியலுக்கு அவர் அளித்த பெருங்கொடை, குறித்த ஆழத்தில் நீரைப் பிடித்து மூடிக்கொண்டு மேலே வரும் உலோகக் குடுவையே ஆகும். நான்சென் குடுவை என்று பெயர் பெற்ற அக்கருவி, பின்னர் இந்திய ஆய்வுக் கப்பல்களிலும் பல பத்தாண்டுகள் பயன்பட்டது.

1902இல் கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு சர்வதேசக் கடலாய்வு மன்றம் அமைந்தபோது, அதன் முன்னோடிகளுள் ஒருவராக இருந்தவர் யோஹான் யோர்ட். மீனின் செதிலிலும், தலைக்குள் சமநிலை உணர்வுக்கு உதவும் செவிக்கல்லிலும், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற வளையங்கள் உண்டு. செவிக்கல்லைக் குறுக்கே ஒடித்து உருப்பெருக்கியில் பார்த்தால், இரை மிகுந்த கோடையில் படிந்த அகலமான பட்டையும், வளர்ச்சி குன்றிய குளிர்காலத்தில் படிந்த குறுகிய பட்டையும் மாறி மாறித் தெரியும். அவற்றை எண்ணினால் மீனின் வயது கிடைக்கும். செதில்களை எண்ணிய யோர்ட்டும் அவருடைய குழுவினரும், 1904ஆம் ஆண்டு பிறந்த ஹெர்ரிங் மீன்களே அதன் பிறகு பல ஆண்டுகள் நார்வேயின் பிடிப்பில் பெரும்பங்கு வகித்ததைக் கண்டனர். குஞ்சுப் பருவத்தில் எத்தனை பிழைக்கின்றன என்பதே பிற்காலப் பிடிப்பைத் தீர்மானிக்கிறது என்று யோர்ட் 1914இல் எழுதிய நூல், இன்றைய மீன்வள அறிவியலின் அடித்தளம் என்று கூறுவது மிகையாகாது.

உறையும் இரத்தம் பற்றிய கேள்விக்கு 1950களில்தான் விடை கிடைக்கத் தொடங்கியது. கனடாவின் லாப்ரடார் கரையில் ஹெப்ரான் என்னும் நுழைகடலில் பெர் ஷோலாண்டரின் குழு மேற்கொண்ட ஆய்வில், ஆழத்தில் வாழும் மீன்களின் உடல்நீர் உறைநிலைக்குக் கீழே இறங்கியும் உறையாமல் நிற்கிறது என்பது தெரிந்தது. ஆனால் அத்தகைய மீன்மீது ஒரு பனித்துண்டு பட்டதுமே உடல் உறைந்து மீன் மடிந்தது. ஆழத்தில் பனித்துகள் இல்லாததால்தான் அவை பிழைத்திருந்தன. மேற்பரப்பில் பனிக்கு நடுவே வாழும் மீன்களோ குளிர்காலத்தில் தம் இரத்தத்தில் உறைதடுப்புப் பொருள் ஒன்றைப் பெருக்கிக்கொண்டன. அத்தகைய ஒரு பொருள் சர்க்கரை இணைந்த புரதம் என்பதை, தென்துருவ மீன்களை ஆராய்ந்த ஆர்தர் டிவ்ரீஸ் 1960களின் இறுதியில் நிறுவினார். பனிப்படிகத்தின் மீது ஒட்டிக்கொண்டு அது மேலும் வளராதபடி தடுப்பதே அப்புரதத்தின் வேலை. வியப்பு அத்துடன் முடியவில்லை. தென்துருவ மீனிலும் வடதுருவக் காட் மீனிலும் உள்ள புரதங்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தும், அவற்றின் மரபணுக்கள் வெவ்வேறு மூலத்திலிருந்து தோன்றியவை என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. உறவற்ற இரு மீன்குலங்கள் பூமியின் இரு முனைகளில் ஒரே விடையைத் தனித்தனியே கண்டடைந்த இந்நிகழ்வு, பரிணாம வரலாற்றின் மிக அழகிய சான்றுகளுள் ஒன்று.

வடகடலில் உருவான இந்த அறிவியல் தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்த வழி நேரானதன்று. சென்னை மாகாண மீன்வளத் துறையைச் சர் ஃபிரடெரிக் நிக்கல்சன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்க, ஜேம்ஸ் ஹார்னலும் ராமசாமி நாயுடுவும் 1920களில் மலபார்ச் சாளையின் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்தனர். 1940இல் ஜெர்மனி நார்வேயைக் கைப்பற்றியதால் காட் ஈரல் எண்ணெய் வரத்து நின்றுபோக, சென்னை அரசும் திருவிதாங்கூர் அரசும் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கின. நோஞ்சான் பிள்ளைகளுக்கு ஊட்டும் மருந்து, வடகடலிலிருந்து மேலைக்கடலுக்கு இடம் மாறியது. பின்னர் 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இந்திய–நார்வேத் திட்டம் கொல்லத்துக்கு அருகில் உள்ள நீண்டகரை, சக்திகுளங்கரை ஊர்களில் தொடங்கியது. 1904 முதல் ஓடிய கொல்லம்–செங்கோட்டை இரயில் பாதையின் ஒரு முனையில் தென்காசிச் சீமையும் மறுமுனையில் இந்தக் கடற்கரையும் இருந்தன. செங்கோட்டை வட்டமே 1956 வரை திருவிதாங்கூரிலும் அதன்பின் உருவான திருவிதாங்கூர்–கொச்சியிலுமாகத்தான் இருந்தது. படகுகளுக்கு இயந்திரம், பனிக்கட்டித் தொழிற்சாலை, குடிநீர், மருத்துவ நிலையம் என்று விரிந்த அத்திட்டம், 1960களில் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்துக்கும் பரவி, 1972இல் முடிவுற்றது. சிறு மீனவர்களின் நலனுக்காகத் தொடங்கியது இறால் ஏற்றுமதிக்கான இழுவலைப் படகுகளின் பெருக்கமாக முடிந்ததும், கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் இடையே மோதல்கள் மூண்டதும், கருவியை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்து அதற்குரிய கட்டுப்பாட்டை விட்டுவிட்டதன் விளைவு.

அறிவியல் தரப்பில் விளைந்த நன்மை மறுக்க முடியாதது. நார்வே அளித்த வருணா என்ற கப்பலில் 1960களில் நடந்த ஆய்வு மீன்பிடிப்பை அறிக்கையாகத் தொகுத்தவர் இ. ஜி. சைலாஸ், 1947இல் நிறுவப்பட்டு மண்டபத்தில் வளர்ந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குப் பின்னாளில் இயக்குநரானவர். அவருடைய முதல் ஈடுபாடு கடல்மீன் அன்று, மலை ஓடை மீன். மேற்குத் தொடர்ச்சி மலையின் மீன்களை ஆராய்ந்து 1954இல் அவர் விவரித்த கெண்டை ஒன்று தாமிரபரணியின் பெயரையே தாங்கி, இன்று டாகின்சியா தாம்பிரபர்ணியே என வழங்குகிறது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியைத் தொட்டு ஓடும் அனுமன் நதி குற்றாலத்துச் சிற்றாற்றில் சேர, சிற்றாறு கலப்பது அந்தத் தாமிரபரணியில்தான். வடகடலின் முறைகள் இங்கே அப்படியே பொருந்தவில்லை என்பதையும் சைலாஸின் தலைமுறை அனுபவத்தில் உணர்ந்தது: கடும் குளிர்காலம் இல்லாத வெப்பக் கடலில் செதில் வளையங்கள் தெளிவாக அமைவதில்லை, ஒரே வலையில் பத்து இருபது இனங்கள் ஏறும் கடலுக்கு, காட், ஹெர்ரிங் என்று சில இனங்களையே நம்பிய கடலின் கணக்குச் செல்லாது.

அரை நூற்றாண்டுக்குப் பின் பயணத்தின் திசை மாறியது. இந்தியா 2007இல் வடதுருவத்துக்கு முதல் ஆய்வுக் குழுவை அனுப்பி, 2008 ஜூலையில் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் நியூ ஒலசுண்டில் ஹிமாத்ரி நிலையத்தைத் திறந்தது. ஆய்க்குடி ஒன்பதாம் அட்சரேகையை ஒட்டியும் நியூ ஒலசுண்டு எழுபத்தொன்பதாம் அட்சரேகையை ஒட்டியும் உள்ளன. அதன் எதிரே உள்ள காங்ஸ்ஃபியோர்டு என்னும் நுழைகடலில், 192 மீட்டர் ஆழத்தில் 2014 ஜூலையில் நங்கூரமிடப்பட்ட இண்டார்க் என்ற அளவீட்டுத் தொகுதியின் உருவாக்கத்தில், பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் பங்குகொண்டது. ஒரே கம்பியில் வெவ்வேறு ஆழங்களில் கோத்த உணரிகள் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் நீரோட்டத்தையும் பதிந்துகொண்டே இருக்க, குறித்த காலத்தில் அதை மேலே எடுத்துத் தரவை இறக்கிக்கொண்டு மீண்டும் கீழே விடுகிறார்கள். வடதுருவ மாற்றத்துக்கும் இந்தியப் பருவமழைக்கும் உள்ள தொடர்பை அறிவது அதன் நோக்கங்களுள் ஒன்று என்பதால், தென்மேற்குப் பருவக்காற்றை நம்பியே சீசன் பார்க்கும் குற்றாலத்துக்கும் அந்தத் தரவில் அக்கறை உண்டு.

மீன்களைப் பொறுத்தவரை அந்த நுழைகடல் ஓர் எச்சரிக்கை. 2006க்குப் பிறகு வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் அதிகமாகப் புகுவதால், குளிர்காலத்தில் அங்கே பனி படர்வது குறைந்து, துருவக் காட் மீனின் இடத்தில் தெற்கத்திய அட்லாண்டிக் காட் காணப்படலாயிற்று. பாரன்ட்ஸ் கடல் முழுவதிலும் இத்தகைய இடப்பெயர்ச்சி விரைந்து நடப்பதை 2015இல் வெளியான நார்வே ஆய்வு காட்டியது. நடுத் துருவக் கடலில் போதிய அறிவு சேரும் வரை வணிக மீன்பிடிப்பு கூடாது என்று ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் 2018இல் கையெழுத்திட்ட உடன்படிக்கை 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பிடித்துத் தீர்த்த பிறகு ஆராயாமல், ஆராய்ந்த பிறகே பிடிப்பது என்ற இந்த முடிவு, மீன்பிடி வரலாற்றில் மிக அரியது.

இந்த மாற்றங்களை இன்று உறுதியாகக் கூற முடிவதற்கு, ஒரே கோட்டில், ஒரே முறையில், நூறாண்டுக்கு மேலாக நீரையும் மீனையும் அளந்து வைத்தவர்களே காரணம். அத்தகைய அளவீட்டை நம் வட்டாரத்திலும் தொடங்கலாம். ஆழ்வார்குறிச்சியில் உள்ள பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மீன்களை ஆராய்ந்து புதிய இனங்களையும் விவரித்திருக்கிறது. தென்காசி வட்டாரத்துக் கல்லூரிகளும் அதனோடு கைகோத்து, சிற்றாற்றில் குற்றால அருவிக்கு மேலே ஓரிடம், ஊருக்குள் ஓரிடம், அது தாமிரபரணியில் சேரும் சீவலப்பேரிக்கு அருகில் ஓரிடம் என்று மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, ஆண்டுதோறும் அதே மாதங்களில் நீரின் வெப்பநிலையையும் மீன் இனங்களையும் பதிந்து வர வேண்டும். அதற்கு ஒரு வெப்பமானியும் கைவலையும் குறிப்பேடும், ஒரு தலைமுறை மாணவர் விட்டதை அடுத்த தலைமுறை தொடரும் ஏற்பாடும் போதும்.