வீட்டுச் சேமிப்பு வழங்கி

வீட்டுச் சேமிப்பு வழங்கி என்பது ஒரு வீட்டிலுள்ள கணினிகள், தொலைபேசிகள், தொலைக்காட்சி ஆகியவை பொதுவாகப் பயன்படுத்தும் கோப்புகளை ஓரிடத்தில் சேமித்து, வீட்டு வலையமைப்பின் ஊடாக வழங்கும் கணினி ஆகும். ஒளிப்படங்கள், நிகழ்படங்கள், இசைக் கோப்புகள், ஆவணங்கள் முதலியன இதில் வைக்கப்படுகின்றன. இப்பணிக்கென்றே தயாரிக்கப்பட்ட சிறு பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. எனினும் அன்றாடப் பயன்பாட்டிலிருந்து ஒதுக்கப்பட்ட பழைய மேசைக் கணினி ஒன்றையும் கட்டற்ற மென்பொருள்களின் துணையுடன் சேமிப்பு வழங்கியாக மாற்றலாம். கணினி பழையதாக இருப்பது இதற்குப் பெரிய தடையன்று. ஆனால் தரவைத் தாங்கும் வன்தட்டு பழையதாக இருப்பது ஆபத்தானது.

பழைய கணினி பொருந்துவதற்கான காரணம்

கோப்புகளை வழங்கும் கணினி செய்யும் வேலை எளிமையானது. அது வன்தட்டிலிருந்து தரவைப் படித்து வலையமைப்பில் அனுப்புகிறது. அல்லது வலையமைப்பிலிருந்து பெற்று வன்தட்டில் எழுதுகிறது. இதில் செயலிக்குப் பெரும் சுமை இல்லை. வேகத்தைப் பெரும்பாலும் வலையமைப்பே தீர்மானிக்கிறது. நொடிக்கு 100 மெகாபிட்டு வேகமுடைய ஈதர்நெட்டில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்டு மட்டுமே செல்லும். அவ்வேகத்தில் 100 கிகாபைட்டு அளவுள்ள கோப்புகளை நகலெடுக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். கிகாபிட்டு ஈதர்நெட்டில் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறையும். நிகழ்படங்களை வேறு வடிவத்துக்கு உடனுக்குடன் மாற்றுதல், தட்டு முழுவதையும் குறியாக்கம் செய்தல் போன்ற வேலைகளுக்கே திறன்மிக்க செயலி தேவைப்படும்.

வரலாறு

ஒரு கணினியின் கோப்புகளை வலையமைப்பு வழியே பிற கணினிகளுடன் பகிரும் முறைகள் 1980களில் பரவலாயின. சன் மைக்ரோசிஸ்டம்சு நிறுவனம் 1984 இல் என்எஃப்எசு நெறிமுறையை வெளியிட்டது. ஆத்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ திரிட்செல் 1991-92 காலப்பகுதியில் உருவாக்கிய நிரலே பின்னர் சாம்பா என்ற பெயரைப் பெற்றது. யுனிக்சு, லினக்சு கணினிகளிலுள்ள கோப்புகளை விண்டோசு கணினிகள் அணுகுவதற்குச் சாம்பா வழிசெய்தது. இன்றும் பெரும்பாலான வீட்டுச் சேமிப்பு வழங்கிகள் இதையே பயன்படுத்துகின்றன.

2005 இல் ஒலிவியே கொஷார்-லாபே ஃபிரீநாசு என்னும் இயங்குதளத்தைத் தொடங்கினார். இது ஃபிரீபிஎசுடியை அடிப்படையாகக் கொண்டது. வழங்கியைத் தனித் திரையோ விசைப்பலகையோ இன்றி, மற்றொரு கணினியின் உலாவியிலிருந்தே நிருவகிக்க இது உதவியது. ஃபிரீநாசின் உருவாக்குநருள் ஒருவரான வோல்க்கர் தைலே, டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டு ஓப்பன்மீடியாவால்ட்டு என்ற தனி இயங்குதளத்தை உருவாக்கினார். அது 2011 இல் வெளியானது. ஃபிரீநாசு 2020 இல் துரூநாசு கோர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மைக்ரோசாஃப்டு நிறுவனம் 2007 இல் விண்டோசு ஓம் சர்வர் என்ற இயங்குதளத்தை வெளியிட்டது. பின்னர் அதனைக் கைவிட்டது.

வன்பொருள்

மேசைக் கணினியின் பெட்டியில் பல வன்தட்டுகளைப் பொருத்த இடம் இருப்பது அதன் சிறப்பாகும். பயன்படுத்துமுன் பின்வருவன சோதிக்கப்பட வேண்டும்.

தாய்ப்பலகை: 2000களின் முற்பகுதியில் வெளிவந்த பல தாய்ப்பலகைகளில் குறைபாடுள்ள மின்தேக்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. மின்தேக்கியின் தலைப்பகுதி உப்பியிருந்தாலோ கசிவு தென்பட்டாலோ அப்பலகை தொடர் இயக்கத்துக்கு ஏற்றதன்று.

மின்வழங்கி: வன்தட்டுகள் சுழலத் தொடங்கும்போது வழக்கத்தை விட அதிக மின்னோட்டத்தை இழுக்கின்றன. பல தட்டுகள் பொருத்தப்படும்போது பழைய மின்வழங்கி அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

வன்தட்டின் கொள்ளளவு: 28 பிட்டு முகவரி முறையை மட்டும் அறிந்த மிகப் பழைய கணினிகள் 137 கிகாபைட்டுக்கு மேற்பட்ட பகுதியை அடையாளம் காணா. எம்பிஆர் என்னும் பழைய பிரிவாக்க முறையில் வழக்கமான தட்டுக்கான எல்லை 2.2 டெராபைட்டு ஆகும். இயங்குதளத்தைச் சிறிய தட்டொன்றில் நிறுவி, தரவுத் தட்டுகளில் ஜிபிடி பிரிவாக்க முறையைப் பயன்படுத்தினால் இவ்விரண்டாம் எல்லையைப் பெரும்பாலும் கடக்கலாம்.

வலையமைப்பு அட்டை: பழைய பிசிஐ இணைப்பின் மொத்த வேகம் நொடிக்கு 133 மெகாபைட்டு. கிகாபிட்டு அட்டையும் வன்தட்டுக் கட்டுப்படுத்தியும் அதையே பகிர்ந்துகொள்வதால் முழு வேகம் கிடைக்காது.

வன்தட்டின் வயது: வன்தட்டுகளில் தம் நிலையைத் தாமே பதியும் இசுமார்ட்டு என்னும் வசதி உண்டு. இயங்கிய மணி நேரம், பழுதடைந்து மாற்றப்பட்ட பிரிவுகளின் எண்ணிக்கை முதலியவற்றை இதன் மூலம் அறியலாம். ஆனால் இதை மட்டும் நம்ப இயலாது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கூகுள் ஆய்வாளர்கள் 2007 இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பழுதான தட்டுகளுள் பாதிக்கும் மேற்பட்டவை முதன்மையான நான்கு எச்சரிக்கைக் குறிகளுள் ஒன்றையும் காட்டவில்லை. எனவே பழைய கணினியைப் பயன்படுத்தினாலும் தரவுக்குப் புதிய வன்தட்டுகளை வாங்குவதே முறை.

மென்பொருள்

துரூநாசு, ஓப்பன்மீடியாவால்ட்டு போன்ற தனி இயங்குதளங்களை நிறுவலாம். அல்லது பொதுவான லினக்சு வழங்கல் ஒன்றில் சாம்பாவை அமைக்கலாம். துரூநாசு கோர் இயங்குதளத்துக்குக் குறைந்தது 8 கிகாபைட்டு நினைவகம் தேவை என்பதால் மிகப் பழைய கணினிகளுக்கு அது பொருந்தாது. 32 பிட்டு செயலி உடைய கணினிகளுக்குத் தெரிவுகள் குறைந்து வருகின்றன. 2025 இல் வெளியான டெபியன் 13 அத்தகைய கணினிகளுக்கான நிறுவல் பதிப்பை வழங்கவில்லை.

நிறுவிய பின் வழங்கிக்கு மாறாத உள்ளக முகவரி ஒன்று ஒதுக்கப்படும். ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் உருவாக்கப்பட்டு, எந்தக் கோப்புறையை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்பது வரையறுக்கப்படும். விசைப்பலகை இல்லாவிடில் சில கணினிகள் தொடங்க மறுக்கும். அவற்றின் பயோசு அமைப்பில் அப்பிழையைப் புறக்கணிக்கச் செய்தல் வேண்டும்.

வன்தட்டு அணி

பல வன்தட்டுகளை ஒன்றாக இணைத்துப் பயன்படுத்தும் முறை ரெய்டு எனப்படுகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்சு ஆகியோர் 1988 இல் வெளியிட்ட கட்டுரையில் இப்பெயர் இடம்பெற்றது.

ரெய்டு 1: ஒரே தரவு இரு தட்டுகளிலும் எழுதப்படும். 1 டெராபைட்டுத் தட்டுகள் இரண்டு இருப்பின் பயன்படும் அளவு 1 டெராபைட்டு.

ரெய்டு 5: குறைந்தது மூன்று தட்டுகள் தேவை. 1 டெராபைட்டுத் தட்டுகள் மூன்று இருப்பின் பயன்படும் அளவு 2 டெராபைட்டு. ஏதேனும் ஒரு தட்டு பழுதானாலும் தரவு அழியாது.

ரெய்டு 0: தரவு தட்டுகளிடையே பிரித்து எழுதப்படும். ஒரு தட்டு பழுதானாலும் அனைத்தும் இழக்கப்படும் என்பதால் சேமிப்பு வழங்கிக்கு ஏற்றதன்று.

அணியும் காப்புப்படியும்

வன்தட்டு அணியைக் காப்புப்படியாகக் கருதுவது பரவலான தவறாகும். ஒரு தட்டு பழுதாகும்போது வழங்கி நிற்காமல் இயங்கவே அணி உதவுகிறது. தவறுதலாக ஒரு கோப்பு அழிக்கப்பட்டால் அது எல்லாத் தட்டுகளிலும் அக்கணமே அழிந்துவிடும். தீநிரல், திருட்டு, தீ, மின்னல் ஆகியவற்றிலிருந்தும் அணி காப்பதில்லை. பழுதான மின்வழங்கி ஒன்றே பெட்டியிலுள்ள எல்லாத் தட்டுகளையும் ஒருசேரக் கெடுக்கக்கூடும். குடும்பத்தின் ஒளிப்படங்கள் அனைத்தையும் வழங்கிக்கு மாற்றிவிட்டு மூலப் பிரதிகளை அழித்துவிடுவோருக்கு, முன்பு பல இடங்களில் பரவியிருந்த இடர் ஒரே பெட்டிக்குள் குவிந்துவிடுகிறது.

இதனால் 3-2-1 என்னும் விதி பரிந்துரைக்கப்படுகிறது. அதன்படி தரவுக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இரு வேறு வகை ஊடகங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். வெளியிணைப்பு வன்தட்டு ஒன்றில் படியெடுத்து உறவினர் வீட்டில் வைப்பதும் இவ்விதியின் இறுதிப் பகுதியை நிறைவு செய்யும். காப்புப்படியிலிருந்து கோப்புகளை மீட்டெடுக்க முடிகிறதா என்று இடையிடையே சோதிப்பதும் தேவையானது.

பாதுகாப்பு

வழங்கியை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைத்தல் கூடாது. 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை தீநிரல், விண்டோசில் எசுஎம்பி கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதற்பதிப்பு செயற்படுத்தப்பட்ட விதத்திலிருந்த குறையைப் பயன்படுத்தியது. அப்பதிப்பை முடக்கி வைப்பதும் மென்பொருள்களை இற்றைப்படுத்துவதும் இன்றியமையாதவை. எழுதும்போது மின்சாரம் தடைப்பட்டால் கோப்பு முறைமை சிதையக்கூடும் என்பதால் தடையில்லா மின்வழங்கி பயன்படுத்துதல் நன்று.

மின்செலவு

பழைய கணினி இலவசமாகக் கிடைத்தாலும் அதன் இயக்கம் இலவசமன்று. 60 வாட்டு எடுக்கும் கணினி இடைவிடாது இயங்கினால் ஓராண்டில் ஏறத்தாழ 526 அலகு மின்சாரம் செலவாகும். 10 வாட்டு எடுக்கும் சிறு கருவிக்கு இது ஏறத்தாழ 88 அலகு மட்டுமே. தனி வரைவியல் அட்டையைக் கழற்றிவிடுதல், பயன்பாடற்ற நேரத்தில் கணினியை உறங்கச் செய்து தேவைப்படும்போது வலையமைப்பு வழியே எழுப்புதல் ஆகியவற்றால் செலவைக் குறைக்கலாம். வாரம் ஒருமுறை மட்டும் இயக்கப்பட்டு, பிற கணினிகளின் காப்புப்படிகளைப் பெற்றபின் அணைக்கப்படும் வழங்கியாகப் பழைய கணினி மிகவும் பொருந்துகிறது.

இவற்றையும் பார்க்க

வழங்கி
வன்தட்டு
கட்டற்ற மென்பொருள்
மின்னணுக் கழிவு