தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்

இசையைப் போற்ற அரசரும் ஜமீன்தாரும் வேண்டும் என்று எண்ணியிருந்த காலத்திலே, தம் தொழிலின் ஊதியத்தைக் கொண்டே அதனைப் போற்றியவர் ஆபிரகாம் பண்டிதர்.

தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் 1859-ஆம் ஆண்டு கிறிஸ்தவக் குடும்பத்திலே பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சியோடு இசையும் பயின்றார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் முனிவரிடம் மருத்துவம் அறிந்தார். தஞ்சையிலே பள்ளி ஆசிரியராய் இருந்து, பின்னர் அப்பணியைத் துறந்து மருந்துத் தொழிலில் இறங்கினார். குருவின் பெயர் தாங்கிய சஞ்சீவி மருந்துகள் கடல் கடந்தும் விற்பனையாயின. கிறிஸ்தவராகிய அவர் ஒரு முனிவருக்குச் செலுத்திய இந்நன்றியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஈட்டிய பொருள் எங்கே சென்றது? 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். தம் செலவிலே மாநாடுகள் பல கூட்டி வித்துவான்களை வரவழைத்தார். கர்நாடக இராகங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் இயற்றினார். ஸ்தாயி ஒன்றுக்குச் சுருதி 22 என்ற கொள்கையை மறுத்து, 24 என்பதே பழந்தமிழர் முறை என வாதிட்டார். 1916-இல் பரோடா மாநாட்டிலும் இதனையே எடுத்துரைத்தார். அவ்வாராய்ச்சியே 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலாயிற்று.

1919-இல் பண்டிதர் மறைந்தார். அவர் கணக்கை இன்றும் ஏற்காத அறிஞர் உளர். ஆயினும், பிறர் தயவை நாடாத செல்வமே அவருக்குப் பிறர் கொள்கையை மறுக்கும் துணிவைத் தந்தது என்பது என் கருத்து.